சீன தேசத்தில் ஐரிஷ்காரர்கள்

உலகப் படத்தை எடுத்து விரித்துப் பாருங்கள். மேற்கே, அட்லாண்டிக் சமுத்திரத்தின் ஓரத்தில், இங்கிலாந்துக்கும் அப்பால், மழையும் பசும்புல்லுமாக ஒரு சிறு தீவு தென்படும். அதுதான் ஐர்லாந்து. தீவு முழுவதையும் அளந்தாலும் நமது தமிழ்நாட்டின் பரப்பில் மூன்றில் இரண்டு பங்குதான் தேறும். கிழக்கே பசிபிக் சமுத்திரக் கரையில், ஒரு கண்டமே போல் பரந்து கிடக்கிறது சீன தேசம். இவ்விரண்டுக்கும் என்ன சம்பந்தம்? மொழியிலே ஒற்றுமை இல்லை, மதத்திலே இல்லை, உணவு, உடை, சங்கீதம் எதிலும் இல்லை.

ஆயினும், இருநூறு வருஷங்களுக்கு மேலாக ஐரிஷ்காரர்கள் சீனத்துக்குப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். தூதராகப் போனவர் உண்டு. துப்பாக்கி தூக்கிப் போனவர் உண்டு. சுங்க அதிகாரி, கவர்னர், போலீஸ்காரர், பாதிரியார், டாக்டர், உபாத்தியாயர் என்று பல கோலங்களில் போனார்கள். அநேகர் அங்கேயே மண்ணோடு மண்ணாகிவிட்டார்கள்.

இந்தச் சரித்திரத்தில் நமக்கு ஒரு தனிச் சிரத்தை ஏற்படக் காரணம் உண்டு. ஐர்லாந்து பல நூற்றாண்டு காலம் அந்நிய ஆட்சியில் அகப்பட்டுத் தவித்த தேசம். பஞ்சத்தில் மடிந்து, பாஷையை இழந்து, பிறகு போராடி, 1922-ம் வருஷத்தில் தன் பூமியின் பெரும் பகுதிக்குச் சுயராஜ்யம் பெற்ற தேசம். அப்படிப்பட்ட தேசத்தின் மக்கள், தங்களை ஆண்ட அதே சாம்ராஜ்யத்தின் கப்பலில் ஏறி வேறொரு பழம்பெருந் தேசத்தில் போய் இறங்கியபோது, எப்படி நடந்துகொண்டார்கள்? எஜமானர்களாகவா, சினேகிதர்களாகவா? விடை ஒரே மாதிரியாக இல்லை. அதனால்தான் இந்தக் கதை சொல்லத் தக்கதாயிருக்கிறது.

சென்னைக் கோட்டையும் சீனக் கோட்டையும்

கதை நமது சென்னைக் கோட்டைக்கு அருகிலேயே தொடங்குகிறது. 1781 முதல் 1785 வரை சென்னையில் கவர்னராக இருந்தவர் மக்கார்ட்னி பிரபு. ஐர்லாந்தின் வடபகுதியிலுள்ள ஆன்ட்ரிம் ஜில்லாவில் பிறந்தவர். டப்ளின் நகரத்து டிரினிடி கலாசாலையில் படித்தவர். அவருடைய காரியதரிசி ஜார்ஜ் ஸ்டாண்டன் என்பவரும் ஐரிஷ்காரரே, கால்வே ஜில்லாக்காரர். 1784-ம் வருஷம் மங்களூரில் திப்பு சுல்தானோடு சமாதான உடன்படிக்கை பேசி முடித்தவர்களில் இவர் ஒருவர்.

இந்த இருவரையும்தான் பிரிட்டிஷ் அரசாங்கம் தனது முதல் தூது கோஷ்டிக்குத் தலைவராகவும் துணைவராகவும் சீனத்துக்கு அனுப்பி வைத்தது. 1793-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் ஜேஹோல் நகரத்து அரண்மனையில் சியென்லுங் சக்கரவர்த்தி அவர்களுக்குத் தரிசனம் கொடுத்தார். நெற்றி நிலத்தில் பட வணங்க வேண்டும் என்றார்கள் அரண்மனை அதிகாரிகள். ஒரு காலைத்தான் மடக்குவேன் என்றார் மக்கார்ட்னி. வியாபாரத்துக்குச் சலுகை கேட்டுப் போனவர்கள், தங்கள் தேசத்துக்கு வெளிச் சாமான் எதுவும் தேவையில்லை என்ற பதிலோடு திரும்பினார்கள்.

அந்தச் சபையில் ஒருவருக்கு மட்டும் தனி மரியாதை கிடைத்தது. ஸ்டாண்டனின் மகன், பன்னிரண்டு வயதுச் சிறுவன், கப்பல் பிரயாணத்தின்போதே சீனத் துபாஷிகளிடம் சீன பாஷை கற்றிருந்தான். அவன் சீனத்தில் இரண்டு வார்த்தை பேசக் கேட்ட கிழச் சக்கரவர்த்தி, தமது இடையிலிருந்த பணப்பையைக் கழற்றி அவன் கையில் கொடுத்தார். சிறுவன் வளர்ந்து சீனத்துச் சட்டத் தொகுப்பை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1810-ல் வெளியிட்டான்.

ஐம்பது வருஷம் கழிந்து வந்தவர்கள் இப்படி வணங்கிக்கொண்டோ வார்த்தை கற்றுக்கொண்டோ வரவில்லை. சீனத்தில் அபின் விற்கும் உரிமைக்காக ஆங்கிலேயர் நடத்திய முதல் யுத்தத்தில், தரைப்படைக்குத் தலைமை வகித்தவர் லிமரிக் ஜில்லாவைச் சேர்ந்த ஹ்யூ காஃப். அவரிடம் ராயல் ஐரிஷ் பட்டாளம் இருந்தது. நமது சென்னை ராஜதானிச் சிப்பாய்களும் இருந்தார்கள். 1841-ம் வருஷம் மே மாதக் கடைசியில், காண்டன் நகருக்கு வடக்கே ஸான்யுவான்லி என்ற கிராமத்தருகில், கொட்டும் மழையில் வழி தவறிய சென்னைப் பட்டாளத்தின் ஒரு பிரிவைச் சீனக் குடியானவர்கள் ஈட்டியும் கழியுமாகச் சூழ்ந்துகொண்டார்கள். மருந்து நனைந்து துப்பாக்கி சுடவில்லை. அந்தக் குடியானவர்களின் எதிர்ப்பை இன்றைக்கும் சீனர் தங்கள் தேசிய எழுச்சியின் ஆரம்பமாகப் போற்றுகிறார்கள். ஐர்லாந்திலிருந்து ஒருவன், தமிழ்நாட்டிலிருந்து ஒருவன், இருவருக்கும் சம்பந்தமில்லாத ஒரு வியாபாரத்துக்காக, இருவருக்கும் தீங்கு செய்யாத மூன்றாமவனோடு சண்டையிட்டார்கள்! சாம்ராஜ்யம் என்பது என்ன என்று மாணவர்களுக்கு விளக்க இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

1842-ம் வருஷம் நான்கிங் உடன்படிக்கையில் கையெழுத்திட்டு ஹாங்காங் தீவை வாங்கியவர் ஹென்ரி பாட்டிஞ்சர். இவரும் ஐர்லாந்தில், டவுன் ஜில்லாவில் பிறந்தவர். ஹாங்காங்கின் முதல் கவர்னராயிருந்த இவர், பின்னர் 1848 முதல் 1854 வரை நமது சென்னைக்கும் கவர்னராக வந்தார். ஹாங்காங்கில் கருங்கல் பாவிய படிகளாக மேலேறும் ஒரு வீதி இன்றும் அவர் பேரைத் தாங்கி நிற்கிறது.

சுங்க இலாகாவின் பெரியவர்

இப்படி வந்தவர்களுக்கு நடுவில் முற்றும் வேறு மாதிரியான ஒருவர் தோன்றினார். அவர் பெயர் ராபர்ட் ஹார்ட். 1835-ல் போர்ட்டடவுன் என்ற ஊரில் பிறந்து, பெல்பாஸ்ட் குவீன்ஸ் கலாசாலையில் பதினெட்டாவது வயதில் பட்டம் பெற்று, மறு வருஷமே சீனத்துக்குக் கப்பலேறிய வாலிபர். முதலில் பிரிட்டிஷ் கான்ஸல் காரியாலயத்தில் துபாஷியாக இருந்தார். பிறகு அதை விட்டுச் சீன சர்க்காரின் சுங்க இலாகாவில் சேர்ந்தார். 1863-ல் அந்த இலாகாவுக்கே தலைவரானார். நாற்பத்தைந்து வருஷ காலம் சீனத்துத் துறைமுகங்களெல்லாம் அவருடைய பேனா முனையில் இயங்கின.

ஹார்ட் தம் கீழ் வேலை பார்த்த வெள்ளைக்காரர்களுக்கு 1864-ல் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். "நீங்கள் சீன சர்க்காரிடம் சம்பளம் வாங்கும் ஊழியர்கள், சீனர்களிடம் மரியாதையாக நடந்துகொள்வது உங்கள் கடமை" என்பது அதன் சாரம். வெள்ளைத் தோலே அதிகாரச் சின்னமாயிருந்த காலத்தில் இவ்விதம் எழுதுவதற்கு நெஞ்சுரம் வேண்டும். 1885-ல் பீகிங்கில் பிரிட்டிஷ் தூதர் பதவியே அவரைத் தேடி வந்தது. அதைத் துறந்து சுங்க இலாகாவிலேயே நிலைத்தார். சீனத்துக் கடற்கரையில் கலங்கரை விளக்கங்கள் எழுந்ததும், 1896-ல் தேசியத் தபால் ஏற்பட்டதும் அவர் மேற்பார்வையிலேதான்.

மாலை வேளைகளில் அவருடைய தோட்டத்தில் சங்கீதம் கேட்கும். சீன வாலிபர்களைத் திரட்டிப் பித்தளை வாத்தியங்கள் பழக்கி, தமது சொந்தச் செலவில் ஒரு பாண்டு கோஷ்டியே அமைத்திருந்தார். பீகிங்கிலிருந்த வெளிநாட்டார் குடும்பங்கள் அங்கே கூடுவது வழக்கம்.

1900-ம் வருஷத்துப் பாக்ஸர் கலகத்தில் அவருடைய வீடு தீக்கிரையாயிற்று. அவர் இறந்துபோனதாக லண்டன் பத்திரிகைகள் இரங்கலுரை கூட எழுதிவிட்டன! உயிர் தப்பிய ஹார்ட், அடுத்த வருஷம் ஒரு புஸ்தகம் வெளியிட்டார். பாக்ஸர்களின் கிளர்ச்சி தேசபக்தியில் முளைத்தது, அன்னியர் இப்படியே அதிகாரம் செலுத்தினால் அது மறுபடியும் எழும் என்று அதிலே எழுதினார். தம் வீட்டை எரித்தவர்களின் பக்கத்து நியாயத்தையும் எடுத்துச் சொல்லும் மனிதர் எத்தனை பேர்?

எனினும் அவருடைய வாழ்க்கையிலும் ஒரு நிழல் உண்டு. வாலிபத்தில் ஆயாவ் என்ற சீனப் பெண்ணோடு குடித்தனம் நடத்தி மூன்று குழந்தைகளைப் பெற்றார். குழந்தைகளை இங்கிலாந்துக்கு அனுப்பிப் பணம் கொடுத்து வளர்க்க ஏற்பாடு செய்தாரே தவிர, வெளிப்படையாகத் தம் மக்களென்று ஏற்றுக்கொள்ளவில்லை. ஒரு ஜாதியாரை முழுமனதுடன் மதித்தவர், தம் சொந்த ரத்தத்தின் விஷயத்தில் ஊராரின் நாவுக்கு அஞ்சினார். அவர் எழுதிய நாட்குறிப்பு எழுபத்தேழு தொகுதிகள். அவை பெல்பாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.

ஹார்ட்டின் இலாகாவில் வேலை பார்த்த அகஸ்டின் ஹென்ரி என்ற ஐரிஷ் டாக்டரையும் இங்கே சொல்ல வேண்டும். யாங்ஸி நதிக்கரையில் இசாங் என்ற ஊரில் 1882 முதல் உத்தியோகம். பொழுது போகாமல் செடி கொடிகளைச் சேகரிக்கத் தொடங்கினார். சீனக் கூலிகளும் வேட்டைக்காரர்களும் மலையேறி அவருக்காகச் செடிகளைக் கொணர்ந்தார்கள். பொழுதுபோக்காக ஆரம்பித்தது பதினையாயிரத்துக்கு மேற்பட்ட மாதிரிகளாகப் பெருகியது. பின்னர் 1913-ல் டப்ளின் கலாசாலையில் வனவியல் ஆசிரியரானார். மரமில்லாமல் மொட்டையாகக் கிடந்த ஐர்லாந்தில் காடு வளர்க்கும் சாஸ்திரத்துக்கு மூலபுருஷராக விளங்கியவர், அந்த வித்தையின் அரிச்சுவடியைச் சீனத்து மலைகளிலேதான் கற்றார்.

ஹாங்காங்கின் மந்தாரை

ஹாங்காங்கை ஆண்ட கவர்னர்களில் அநேகர் ஐரிஷ்காரர்கள். அவர்களில் இருவரை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கார்க் நகரத்து ஜான் போப் ஹென்னெஸி 1877 முதல் 1882 வரை கவர்னராயிருந்தார். பகிரங்கமாகக் கசையடி கொடுக்கும் வழக்கத்தை எதிர்த்தார். நகரின் மத்தியில் சீனர்கள் நிலம் வாங்கத் தடையாயிருந்ததை நீக்கினார். 1880-ல் இங் சோய் என்ற பாரிஸ்டரைச் சட்டசபையில் அமர்த்தினார். அந்தச் சபையில் அமர்ந்த முதல் சீனர் அவர். பிற்காலத்தில் வூ டிங்-ஃபாங் என்ற பெயரோடு சீனக் குடியரசின் மந்திரியாக விளங்கியவரும் அவரே. வெள்ளை வியாபாரிகள் கூட்டம் போட்டுக் கவர்னரைக் கண்டித்தார்கள். சீன ஜனங்களோ அவரை மறக்கவில்லை.

லிமரிக் நகரத்து ஹென்ரி பிளேக் 1898 முதல் 1903 வரை ஆண்டார். பிறகு இலங்கைக்கும் கவர்னராகப் போனார். இவர் முன்பு ஐர்லாந்தில், குடியானவர்கள் நிலத்துக்காகக் கிளர்ச்சி செய்த காலத்தில், அந்தக் கிளர்ச்சியை அடக்கவென்று நியமிக்கப்பட்ட விசேஷ மாஜிஸ்திரேட்டுகளில் ஒருவர். குத்தகையாகப் பெற்றிருந்த, ஹாங்காங்கை ஒட்டிய புதுப் பிரதேசத்தை 1899-ல் கைவசப்படுத்தியபோது கிராமத்தார் எதிர்த்தார்கள். அங்கும் படையை அனுப்பி அடக்கினார். சொந்த ஊரில் பழகிய கை, அயலூரில் தயங்குமா?

வேடிக்கை என்னவென்றால், இந்த பிளேக்கின் பெயர்தான் ஹாங்காங்கில் மலராக நிலைத்தது. அங்கே கண்டெடுக்கப்பட்ட ஊதா நிற மந்தாரை ஒன்றுக்குத் தாவர சாஸ்திரிகள் 1908-ல் அவர் பெயரைச் சூட்டினார்கள். 1997-ல் சீனத்தோடு மீண்டும் இணைந்த ஹாங்காங்கின் கொடியில் வெள்ளை இதழ்களாக விரிந்திருப்பது அந்த மந்தாரையே. நம் வீட்டுத் தோட்டத்து மந்தாரையின் வம்சந்தான். ஆனால் அது விதை கொடுப்பதில்லை. கிளையை ஒட்டித்தான் வளர்க்க வேண்டும்.

ஷாங்காயும் ஆன்டுங்கும்

ஷாங்காய் நகரத்தில் வெளிநாட்டார் வாழ்ந்த பகுதி ஒரு தனி ராஜ்யம் போலவே இருந்தது. அங்கே ஒவ்வொரு ஜாதியாருக்கும் ஒரு சங்கம். ஆங்கிலேயருக்கு ஸெயின்ட் ஜார்ஜ் சங்கம். ஸ்காட்லாந்தினருக்கு ஸெயின்ட் ஆண்ட்ரூ சங்கம். ஐரிஷ்காரருக்கு ஸெயின்ட் பாட்ரிக் சங்கம். மார்ச்சு மாதம் 17-ந் தேதி பாட்ரிக் முனிவரின் திருநாள். அன்று மூவிலைப் புல்லைச் சட்டையில் செருகிக்கொண்டு விருந்தும் நடனமுமாகக் கூடுவார்கள். ஆனால் வீடு திரும்பியதும் சட்டப்படி அவர்கள் பிரிட்டிஷ் பிரஜைகளே. ஐர்லாந்து சுயராஜ்யம் பெற்ற பிறகும், ஆபத்து வந்தால் ஓடி நிற்க வேண்டிய வாசல் பிரிட்டிஷ் கான்ஸலின் வாசல்தான். விடுதலைக்காக உயிர் கொடுத்த தேசத்தின் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு சங்கடம் என்று சொல்ல வேண்டியதில்லை.

சிலருக்கு அந்தச் சங்கடம் தோன்றவே இல்லை. ஷாங்காய் நகரசபைப் போலீஸின் அரசியல் ரகசியப் பிரிவுக்கு 1930-களில் தலைவராக இருந்த கிவன்ஸ், டிப்பரரி ஜில்லாக்காரர். ஐரிஷ் சுதந்திரப் போராட்டத்தில் முதல் துப்பாக்கி வெடித்தது அந்த ஜில்லாவிலே. குண்டு பாய்ந்தது சர்க்கார் போலீஸ்காரர்கள் மேலே. அதே ஜில்லாவில் பிறந்த ஒருவர் சீனத்துத் தேசபக்தர்களையும் பொதுவுடைமைக்காரர்களையும் வேவு பார்க்கும் உத்தியோகம் வகித்தார்.

வடக்கே, கொரியாவின் எல்லையில், ஆன்டுங் என்ற துறைமுகத்தில் வேறொரு காட்சி. அங்கே ஜார்ஜ் ஷா என்பவர் கப்பல் வியாபாரம் செய்துவந்தார். சீனத்து ஃபூச்சோ நகரில், ஐரிஷ் வம்சத்தில் பிறந்தவர். அப்போது கொரியா ஜப்பானின் பிடியில் துடித்துக் கொண்டிருந்தது. 1919-ல் கொரியத் தலைவர் கிம் கூ தம் தோழர்களோடு ஷாங்காய்க்குத் தப்பிச் சென்றது ஷாவின் கப்பலிலேதான். அவருடைய கிடங்கின் மாடி, கொரியத் தேசபக்தர்களின் ரகசியத் தபால் நிலையமாகவே விளங்கியது. 1920-ல் ஜப்பானியர் அவரைப் பிடித்துச் சில மாதம் சிறையில் வைத்தார்கள். வெளியே வந்ததும் பழைய வேலையைத் தொடர்ந்தார். சுதந்திரம் பெற்ற கொரியா, 1963-ல் அவருடைய ஞாபகத்துக்குத் தேசிய விருது அளித்தது.

கிவன்ஸும் ஐரிஷ்காரர், ஷாவும் ஐரிஷ்காரர். பிறப்பு ஒருவனுக்கு நினைவைக் கொடுக்கும். அந்த நினைவை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது அவனவன் முடிவு.

பாதிரிமாரும் கன்னிகா ஸ்திரீகளும்

சீனத்தில் வாழ்ந்த ஐரிஷ் சமூகத்தின் பெரும் பகுதி வியாபாரிகளும் அல்லர், அதிகாரிகளும் அல்லர். பாதிரிமாரும் கன்னிகா ஸ்திரீகளுமே. கார்க் ஜில்லாவில் பிறந்த எட்வர்ட் கால்வின் என்ற இளம் பாதிரியார் 1912-ல் சீனம் போனார். அங்கே கண்ட வறுமையைத் தாய்நாட்டில் எடுத்துச் சொன்னார். 1918-ல் ஸெயின்ட் கொலம்பன் சபை உருவாயிற்று. அந்த வருஷங்களில் ஐர்லாந்தே போராட்டக் களமாயிருந்தது. ஆயினும் ஏழைக் குடியானவர் வீடுகளிலிருந்தும் சில்லறைக் காசு சீனத்துக்கென்று சேர்ந்தது. 1920-ல் முதல் கோஷ்டி ஹான்யாங் நகரம் சேர்ந்தது. இன்றைய வூஹான் மாநகரத்தின் ஒரு பகுதி அது. 1926-ல் கன்னிகா ஸ்திரீகளும் வந்தார்கள். 1931-ல் யாங்ஸி நதி கரை புரண்டு ஊர்களை விழுங்கியபோது, இவர்கள் அகதிகளுக்குக் கஞ்சி ஊற்றியும் நோயாளிகளைப் பேணியும் தொண்டு செய்தார்கள். கலகக்காரர் கையில் அகப்பட்டு உயிரிழந்த பாதிரிமாரும் உண்டு.

இந்தத் தொண்டுக்கும் மறுபக்கம் உண்டு என்பதை மறைக்கலாகாது. வெளிநாட்டுப் பாதிரிமார் சீனத்தின் உட்பகுதியில் தங்க முடிந்தது, பீரங்கி முனையில் எழுதி வாங்கிய உடன்படிக்கைகளின் பலத்தினாலேதான். ஐரிஷ்காரர் தாங்கள் ஆங்கிலேயர் அல்லர் என்று எத்தனை முறை சொன்னாலும், சீனக் குடியானவனுடைய கண்ணுக்கு வெள்ளைத் தோல் வெள்ளைத் தோல்தான். 1949-ல் பொதுவுடைமை ஆட்சி ஏற்பட்டபின் கணக்குத் தீர்க்கப்பட்டது. பிஷப்பாகியிருந்த கால்வின், நாற்பது வருஷங்களுக்கு முன் எந்தத் தேசத்துக்கு வந்தாரோ அந்தத் தேசத்திலிருந்து 1952-ல் வெளியேற்றப்பட்டார். 1956-ல் ஐர்லாந்தில் காலமானார்.

தெற்கே ஹாங்காங்கில் கதை வேறு விதமாக நடந்தது. 1926-ல் அங்கே வந்த ஐரிஷ் ஏசு சபையாருக்கு முதல் வேலை காண்டன் பாஷை கற்பது. வா யான் கலாசாலை என்ற பள்ளியை ஒரு சீனர் 1919-ல் ஸ்தாபித்திருந்தார். 1932-ல் அதை இவர்கள் ஏற்று நடத்தினார்கள். 1941 டிசம்பரில் ஜப்பானியர் ஹாங்காங்கைப் பிடித்தபோது, ஆங்கிலேயரைச் சிறை முகாமில் அடைத்தார்கள். ஐர்லாந்து யுத்தத்தில் சேராத நாடு என்பதைக் காட்டி ஐரிஷ்காரர்கள் வெளியே தங்கினார்கள். முதன்முதலாகத் தங்கள் தேசத்தின் பெயரே அவர்களுக்குக் கேடயமாக நின்றது.

யுத்தத்துக்குப் பின் அப்பள்ளியில் ஷெரிடன் என்ற பாதிரியார் ஒரு புதுமை செய்தார். காண்டன் நாட்டுக் கூத்தை அதன் வேஷம், தாளம், மெட்டு எல்லாம் மாறாமல் வைத்து, பாட்டையும் வசனத்தையும் மட்டும் ஆங்கிலத்தில் எழுதிச் சீன மாணவர்களைக் கொண்டே நடிக்கச் செய்தார். தம் ஊர் நாடகத்தைக் கொண்டுவந்து திணிக்காமல், அவ்வூர்க் கூத்தைக் கற்றுக்கொண்டு அதற்குத் தம் கைத்திறமையைக் கொடுத்தது, ஓர் உபாத்தியாயர் பின்பற்றத் தக்க வழி.

1949-ல் வான்சாய் பகுதியில் ஒரு க்ஷயரோக ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. பணம் கொடுத்தவர் நமது நாட்டுப் பார்ஸி வகுப்பைச் சேர்ந்த ரத்தன்ஜி. க்ஷயரோகத்தால் இறந்த தம் மகளின் ஞாபகமாகக் கொடுத்தார். நடத்தியவர்கள் கொலம்பன் சபையின் ஐரிஷ் கன்னிகா ஸ்திரீகள். குணமடைந்தவர்கள் சீன ஏழைகள். ஸிஸ்டர் அக்வைனாஸ் என்ற டாக்டர் 1985-ல் இறக்கும் வரை அந்நோயோடு போராடுவதையே வாழ்க்கையாகக் கொண்டிருந்தார். 1956-ல் சென்னைச் சேத்துப்பட்டில் தொடங்கிய க்ஷயரோக ஆராய்ச்சி நிலையத்துக்கு உதவிய அதே பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸில்தான், பின்னர் ஹாங்காங்கிலும் மருந்துப் பரீட்சைகளுக்குத் துணை நின்றது. இரண்டு ஊர்களிலும் கண்ட முடிவுகள் இன்று உலகமெங்கும் ஏழை நோயாளிகளுக்குப் பயன்படுகின்றன.

ஒரு தந்தையின் கடிதம்

இவர்கள் எல்லாரிலும் நம் நெஞ்சைத் தொடுகிறவர் ஜோஸப் மாலின். அவருடைய தந்தை மைக்கேல் மாலின், வாலிபத்தில் பிரிட்டிஷ் பட்டாளத்தில் சேர்ந்து நமது இந்தியாவில் ஆறு வருஷம் கழித்தவர். வடமேற்கு எல்லையில் மலைஜாதியாரை ஒடுக்கும் யுத்தத்தை நேரில் கண்டதும், சாம்ராஜ்யத்தின் மேலேயே அவருக்கு வெறுப்புப் பிறந்தது. தாய்நாடு திரும்பித் தொழிலாளர் படையில் சேர்ந்தார். 1916-ம் வருஷத்து டப்ளின் எழுச்சியில் ஒரு பிரிவுக்குத் தலைமை வகித்தார். எழுச்சி தோற்றது. மே மாதம் 8-ந் தேதி அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

சாவதற்கு முன்னிரவு மனைவிக்கு எழுதிய கடிதத்தில், சின்ன மகன் ஜோஸப் முடியுமானால் பாதிரியாராக வேண்டும் என்ற விருப்பத்தைத் தெரிவித்திருந்தார். அப்போது அந்தக் குழந்தைக்கு வயது இரண்டரை. தந்தையின் முகம் கூட நினைவில் நிற்காத பருவம். குழந்தை வளர்ந்தது, ஏசு சபையில் சேர்ந்தது, 1948-ல் சீனம் சென்றது. ஹாங்காங்கிலும் மக்காவிலும் தலைமுறை தலைமுறையாகச் சீனப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த ஜோஸப் மாலின், 2018-ம் வருஷம் ஏப்ரல் மாதம் முதல் தேதி, நூற்று நாலாவது பிராயத்தில், ஹாங்காங்கிலேயே கண் மூடினார். 1916-ல் தூக்குமேடைக்கும் துப்பாக்கிக்கும் இரையான தலைவர்களின் மக்களில் கடைசியாக உயிரோடிருந்தவர் அவர். தகப்பனார் சாம்ராஜ்யத்தின் சிப்பாயாக ஆசியாவில் காலடி வைத்தார். மகன் சுதந்திர தேசத்தின் உபாத்தியாயராக அதே ஆசியாவில் எழுபது வருஷம் வாழ்ந்தார்.

சீனர் தாமே தேடி எடுத்தவை

இதுவரை சொன்னதெல்லாம் ஐரிஷ்காரர் கொண்டுபோனவை. ஐர்லாந்திலிருந்து சீனர் தாமாகவே தேடி எடுத்துக்கொண்டவையும் உண்டு.

1920 அக்டோபர் 25-ந் தேதி, கார்க் நகரத்து மேயர் டெரன்ஸ் மக்ஸ்வினி, லண்டன் சிறையில் எழுபத்து நாலு நாள் உண்ணாவிரதம் இருந்து உயிர் நீத்தார். அந்தச் செய்தி உலகத்தை உலுக்கியது. சீனக் கவி குவோ மோ-ஜோ அப்போது ஜப்பானில் மாணவர். மக்ஸ்வினியைப் போற்றி ஒரு கவிதை எழுதினார். அடுத்த வருஷம் வெளியான அவருடைய முதல் கவிதைத் தொகுப்பில் அது இடம் பெற்றது. ஒன்பது வருஷம் கழித்து லாகூர் சிறையில் ஜதீந்திர தாஸ் அறுபத்து மூன்று நாள் பட்டினி கிடந்து இறந்தபோது, மக்ஸ்வினியின் குடும்பத்தார் நம் நாட்டுக்கு அனுதாபத் தந்தி அனுப்பியதை மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கலாம். கார்க், லாகூர், சீனம் மூன்றையும் ஒரே துயரம் பிணைத்தது.

குவோ மோ-ஜோ அத்தோடு நிற்கவில்லை. ஐரிஷ் நாடகாசிரியர் ஸிங் எழுதிய நாடகங்களை மொழிபெயர்த்து 1926-ல் வெளியிட்டார். மீனவரும் நாடோடிகளும் தங்கள் சொந்தப் பேச்சில் பேசும் நாடகங்கள் அவை. சாமானிய ஜனங்களின் பேச்சை இலக்கியமாக்க வேண்டுமென்று சீன எழுத்தாளர்கள் அப்போது துடித்துக் கொண்டிருந்தார்கள். ஆங்கில இலக்கியத்தை நேரே பின்பற்றாமல், ஆங்கிலேயரால் அடக்கப்பட்டவர்களின் இலக்கியத்தில் அவர்கள் வழி தேடியது கவனிக்கத் தக்கது.

1933 பிப்ரவரி 17-ந் தேதி பெர்னார்ட் ஷா ஷாங்காயில் ஒரே ஒரு நாள் தங்கினார். ஸன்யாட்ஸென்னின் மனைவியார் வீட்டில் பகலுணவு. லூ ஷுன் முதலான எழுத்தாளர்கள் வந்து சந்தித்தார்கள். பத்திரிகைகள் அந்த ஒரு நாளைப் பற்றி எழுதியதையெல்லாம் திரட்டி லூ ஷுன்னும் அவர் நண்பரும் ஒரு புஸ்தகமாகவே போட்டுவிட்டார்கள்!

கார்க் நகரில் பிறந்த எதல் வாய்னிச் அம்மையாரின் 'காட்ஃப்ளை' என்ற நாவல் 1953-ல் சீன மொழியில் வெளிவந்து லட்சக்கணக்கில் விற்பனையாயிற்று. இத்தாலியப் புரட்சிக்காரன் ஒருவனுடைய கதை அது. ஆசிரியை பிறந்த ஊரிலே அவர் பெயரை அறியாதவர்கள் இருக்கலாம். ஒரு தலைமுறைச் சீன வாலிபர்களுக்கு அந்த நாவல் கண்ணீரோடு படித்த நூல். ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிஸிஸ்' நவீனத்தை ஸியாவ் சியனும் அவர் மனைவி வென் ஜியரோவும் தங்கள் முதுமையில் உட்கார்ந்து மொழிபெயர்த்து 1994-ல் முடித்தார்கள். அதைவிடக் கடினமான 'ஃபின்னகன்ஸ் வேக்' நூலின் முதல் பாகம் 2012-ன் கடைசியில் வெளியாகி, அச்சிட்ட எட்டாயிரம் பிரதிகளும் சில வாரங்களில் தீர்ந்துபோயின.

இன்றைய உறவு

ஐர்லாந்தும் சீன மக்கள் குடியரசும் தூதர் உறவு ஏற்படுத்திக்கொண்டது 1979-ம் வருஷம் ஜூன் 22-ந் தேதி. அடுத்த வருஷமே ஒரு சீன அதிகாரி ஐர்லாந்தின் ஷான்னன் என்ற ஊருக்கு வந்து, 1959 முதல் அங்கே நடந்துவந்த வரிவிலக்குத் தொழிற்பேட்டையைப் பார்த்துப் பாடம் படித்தார். அவர் பெயர் ஜியாங் ஸெமின். பிற்காலத்தில் சீனத்தின் ஜனாதிபதி. ஷென்ஜென் முதலிய விசேஷத் தொழில் வட்டாரங்களை அமைக்கையில் சீனர் ஆராய்ந்த மாதிரிகளில் ஷான்னனும் ஒன்று. ஒரு காலத்தில் கடன்பட்டவன் போல் பார்க்கப்பட்ட சிறு தேசத்திடமிருந்து பெரிய தேசம் பாடம் கேட்டது.

இப்பொழுது சீனத்தில் வாழும் ஐரிஷ்காரர்கள் ஆசிரியர்கள், இஞ்சினீர்கள், வியாபார ஸ்தாபனங்களின் ஊழியர்கள். அவர்களுக்குத் தனிக் கோர்ட்டும் இல்லை. தனிச் சட்டமும் இல்லை. மற்றவர்களைப்போல் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்து வேலை செய்கிறார்கள். பாட்ரிக் திருநாளில் இன்றும் பச்சை உடுத்திக் கூடுகிறார்கள். பீகிங்கில், அதாவது இன்று நாம் பெய்ஜிங் என்று சொல்லும் நகரத்தில், அன்னிய மொழிப் பல்கலைக்கழகத்தில் ஐரிஷ் கலைகளைப் பயிலும் நிலையம் உண்டு. அங்கே சீன மாணவர்கள் ஐரிஷ் மொழியைக்கூடக் கற்றிருக்கிறார்கள். 2003-ல் 'ரிவர்டான்ஸ்' நடனக் கோஷ்டி பீகிங்கின் மக்கள் மகா மண்டபத்திலேயே ஆடியது.

எல்லாவற்றிலும் எனக்குச் சுவாரஸ்யமாகப் படுவது விளையாட்டு. ஐர்லாந்தில் 1884-ல் கேலிக் விளையாட்டுச் சங்கம் ஏற்பட்டதே, ஆங்கிலேயரின் விளையாட்டுகளை விலக்கிச் சொந்த விளையாட்டைக் காப்பதற்காக. அந்நிய ஆட்டம் ஆடுகிறவனுக்குச் சங்கத்தில் இடமில்லை என்ற விதி 1971 வரை இருந்தது. அதே சங்கத்தின் கிளைகள் இன்று பெய்ஜிங், ஷாங்காய், ஷென்ஜென், ஹாங்காங் நகரங்களில் நடக்கின்றன. வார விடுமுறையில் மைதானத்துக்குப் போனால், கால்வேயிலிருந்தும் கெர்ரியிலிருந்தும் வந்தவர்களோடு சீனப் பெண்களும் பையன்களும் சேர்ந்து கேலிக் கால்பந்து ஆடுவதைக் காணலாம். பழக்கமில்லாதவர்களுக்கு விதிகளைச் சொல்லிக் கொடுப்பதிலேயே முதல் அரைமணி நேரம் போய்விடும். ஆட்டம் முடிந்ததும் எல்லாருமாகச் சேர்ந்து சாப்பிடப் போகிறார்கள்.

பாட்டிஞ்சர் பீரங்கியோடு வாங்கிய தீவு 1997-ல் கை மாறிவிட்டது. ஷாங்காயில் ஹார்ட்டுக்கு எழுப்பிய வெண்கலச் சிலையும் யுத்தத்தில் போய்விட்டது. வா யான் பள்ளிக்கூடத்து மணி மட்டும் இன்றும் அடிக்கிறது; ரத்தன்ஜி ஆஸ்பத்திரியில் நோயாளிகள் வந்தவண்ணம் இருக்கிறார்கள்; சீன மொழியில் பெயர்த்த ஐரிஷ் நூல்களை மாணவர்கள் வாங்கிப் படிக்கிறார்கள். நமது நாட்டு வாலிபர்களும் இன்று உலகத்தின் எல்லா மூலைகளுக்கும் வேலை தேடிப் போகிறார்கள். போகிற ஊரின் பாஷையை முதலில் கற்றுக்கொள்ளுங்கள் என்று அவர்களுக்குச் சொல்லி அனுப்புவோம்.